நாற்பது பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்

ஜூன் 14
ஆண்டவன் துணை

வக்கீலுக்கு அத்தை ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. நானும் உங்கப்பனும் கடவுள் புண்ணியத்துல சுகமா இருக்கோம். நீ சுகமா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடறியா, தூங்கறியான்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பதில் எழுது. 'நலம்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சியோ, அந்தக் கடுதாசியை உனக்கே திருப்பி அனுப்பிடுவேன்.

போன் பண்ணினா மணி அடிச்சு அடிச்சு அதுக்கே தொண்டை வத்திப்போகுது. உங்கப்பன் என்னடான்னா, "பையன் படிப்புல மும்முரமா இருக்கான், விடுக்கா"ங்கறான். ரெண்டு மாசமா மும்முரமாம்! கட்டடம் கட்டற படிப்புத்தானே படிக்கறே? இந்த மும்முரத்துக்கு இந்நேரம் ஒரு ஊரையே கட்டி, குடியும் வச்சிருக்கணுமே. சரி, போன்னாத்தானே எடுக்காம விடுவே. கடுதாசின்னா கதவுக்கு அடியில வந்து கிடக்கும். மிதிச்சுக்கிட்டாவது போகணுமில்லே?

கடையில பள்ளிக்கூடம் திறக்கற நேரத்துக் கூட்டம். உங்கப்பன் துணி வெட்டறான், நான் காஜா எடுத்து பட்டன் வைக்கறேன். நேத்து ஒருத்தி வந்தா. மூணாவது படிக்கிற பிள்ளைக்கு, "அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து கொஞ்சம் பெரிசா தைங்க"ங்கறா. அவ சொன்ன அளவுக்கு ஒரு டிராயர்ல ரெண்டு பிள்ளைங்க குடித்தனம் பண்ணலாம்.

வியாழக்கிழமை பிரார்த்தனைக் கூட்டம் தவறாம நடக்குது. தலைவியம்மாவுக்கு மைக்கைப் பிடிச்சா விட மனசு வராது, அதான் நான் அவளுக்கு மைக்கம்மான்னு பேரு வச்சிருக்கேன். இருந்தாலும் பக்தியுள்ளவ. உனக்காகவும் வேண்டிக்கிட்டோம்.

உங்கம்மா போனதுக்கு அப்புறம், நாலு வயசுல உன்னைத் தூங்கவைக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போகும். "ஏன் தூங்கணும்? காரணம் சொல்லுங்க"ன்னு வாதாடுவே, அதனாலதானே உனக்கு வக்கீல்னு பேரு வச்சேன். அந்த வாய் எங்கடா போச்சு? உடனே எழுது.

ஆசீர்வாதத்தோட,
அத்தை


ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வக்கீல் எழுதுவது. நீங்களும் அப்பாவும் சுகமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. நான் நலம். திருப்பி அனுப்பினால் தபால்காரர்தான் பாவம்.

போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. படிப்பு நன்றாகப் போகிறது. சாப்பிடுகிறேன். தூக்கம் நிறையவே வருகிறது, இப்போது யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். அட்டையை வெட்டி ஒட்டி, சின்னதாக ஒரு வீடு செய்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பேராசிரியர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல குடியிருக்கப்போறது மனுஷனா, கோழியா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் யார் சிரித்தாலும், கோழிக்கூடு கட்டினவன் போகிறான் என்று சிரிக்கிற மாதிரி இருக்கிறது. இதையும் ஒரு வேடிக்கைக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வக்கீல்


ஜூலை 12
ஆண்டவன் துணை

வக்கீலுக்கு அத்தை எழுதறது. இங்க சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏற மாட்டேன்னு சண்டை போடுது.

கோழிக்கூடு கதையைப் படிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "உங்களுக்குத்தான் சார் கட்டினேன், அளவு சரியா இருக்கா பாருங்க"ன்னு நீ திருப்பிக் கேட்டிருக்கணும். வாத்தியாராம்! நாலு அட்டையைச் சுத்தி வர்றதுக்கு அவனுக்கு ஒரு சம்பளம். இதையெல்லாம் போயி மனசுல வச்சுக்குவாங்களா?

மனசுன்னதும் ஞாபகம் வருது. நம்ம தெரு மருந்துக்கடைக்காரர் மகன், உன்கூட பத்தாவது வரைக்கும் படிச்சானே, அவன் காலேஜைப் பாதியில விட்டுட்டு வீட்டோட வந்துட்டான். என்ன சீக்குன்னு கேட்டா, 'மனச்சோர்வு'ங்கறா அவங்கம்மா. பேரு எப்படி இருக்கு பாரு, ஜமீன் வீட்டுச் சீக்கு மாதிரி! நான் படிச்ச பள்ளிக்கூடத்துல இதுக்குப் பேரு சோம்பேறித்தனம். வாத்தியார் பிரம்பாலேயே குணமாக்கிடுவாரு. இவன் மத்தியானம் வரைக்கும் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடக்கறான். அவங்கம்மா தட்டை ஏந்திக்கிட்டு, "ஒரு வாய், ஒரே ஒரு வாய்"னு கட்டிலைச் சுத்தி வர்றா. இருபது வயசுக் கைக்குழந்தை!

எனக்கு வராத சோர்வாடா? உங்க மாமா போனப்போ எனக்கு முப்பத்தி நாலு. படுத்தேனா? மறுவாரமே உங்கப்பன் கடையில காஜா எடுக்க உக்காந்துட்டேன். அன்னிக்கு உக்காந்தவதான், இன்னும் எழுந்திருக்கலை.

"எங்க வீட்டுப் பிள்ளை அப்படி இல்லைம்மா, அவன் சிங்கம்"னு மைக்கம்மா காதுல விழற மாதிரி சொல்லிட்டு வந்தேன். போனைச் சீக்கிரம் சரி பண்ணு.

ஆசீர்வாதத்தோட,
அத்தை


ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். நீங்களும் அப்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மருந்துக்கடைக்காரர் மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

வக்கீல்


ஆகஸ்ட் 26
ஆண்டவன் துணை

வக்கீலுக்கு அத்தை எழுதறது. சுகம், சுகம். ஒரு மாசத்துக்கு மேல காக்கவச்சுட்டு மூணு வரி. அதுலயும் ஒரு வரி அடுத்த வீட்டுக்காரனைப் பத்தி. என் முழங்காலைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?

அந்த மகாராஜாவுக்கு என்ன குறைச்சல்? போன வியாழக்கிழமை அவங்கம்மா அவனைக் கூட்டத்துக்கே இழுத்துக்கிட்டு வந்துட்டா. எங்க கூட்டத்து முறை தெரியுமில்லே? யாருக்காக வேண்டணுமோ அவங்க பேரையும் குறையையும் மைக்குல சொல்லணும். அப்பத்தான் நாப்பது பேரும் சேர்ந்து வேண்டறது வழி தப்பாம மேல போய்ச் சேரும்னு மைக்கம்மா சொல்லுவா. அவனை நடுக்கூடத்துல நிறுத்தினாங்க. கசங்கின சட்டை, சீப்பு படாத தலை, தரையைப் பார்த்த பார்வை. மைக்கம்மா ஆரம்பிச்சா.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாமி கும்பிடறே?"

"கும்பிடத் தோணலைங்க."

"சாப்பிடத் தோணுதா?"

"அதுவும் தோணலைங்க."

"பின்னே என்னதாம்பா தோணுது உனக்கு?"

முன்வரிசையிலேர்ந்து நான்தான், "படுக்கத் தோணும், வேறென்ன?"ன்னேன். கூடமே குலுங்கிப்போச்சு! மைக்கம்மாவுக்கே சிரிப்பு தாங்காம மைக்கைக் கீழ வச்சுட்டா. அதுக்கே எனக்கு ஒரு விருது குடுக்கலாம். அவங்கம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தா. பிள்ளைக்கு வாய் இல்லேன்னா அம்மாவுக்குக் கண்ணு பெரிசா இருக்கும்போல.

அப்புறம் அவனுக்காக உருகித்தான் வேண்டிக்கிட்டேன், குறை சொல்லக்கூடாது.

அவன் கவலை உனக்கு எதுக்கு? உன் விஷயத்தை எழுது. பரீட்சை முடிவு வந்துச்சா? உங்கப்பன் தினம் கேக்கறான்.

அத்தை


செப்டம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து மேசைமேல் கிடக்கிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க என்னால் முடியாது.

போன் உடையவில்லை. இழுப்பறைக்குள் கிடக்கிறது. அந்த அட்டை வீட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டேன். தேர்வில் நான்கு தாள் போய்விட்டது. காலையில் விழிப்பு வருகிறது, எழுந்திருக்க முடிவதில்லை. கால் இருக்கிறது, அத்தை. சொன்னால் கேட்பதில்லை. பல் தேய்ப்பதை நினைத்தாலே மலை ஏறச் சொன்ன மாதிரி இருக்கிறது. அறையில் கூட இருப்பவன் கதவை மெதுவாகச் சாத்தினால், என்னைக் கண்டு அருவருப்படைகிறான் என்று தோன்றுகிறது. வேகமாகச் சாத்தினாலும் அதேதான் தோன்றுகிறது. வேறு விதமாகச் சாத்த அவனுக்கு வழியே இல்லை, பாவம்.

அப்பா குனிந்து வெட்டும் துணியெல்லாம் என் ஒருவனுக்காக வீணாகிறது. நான் இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு இலேசாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எப்படிப் போட்டாலும் சரியாகவே வருகிறது. சாக வேண்டும் என்று இல்லை. காலையில் விழிப்பு வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று மட்டும்.

மருந்துக்கடைக்காரர் மகனுக்கு என்ன தோன்றும் என்று சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்கும் படுக்கத்தான் தோன்றுகிறது. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டாம்.

வக்கீல்


செப்டம்பர் 27
ஆண்டவன் துணை, ஆண்டவன் துணை, ஆண்டவன் துணை

என் ராசா, வக்கீலே, அத்தை எழுதறது. எங்க சுகத்தை விடு.

உன் கடுதாசி வந்ததுலேர்ந்து நான் வைக்கற பட்டன் ஒண்ணும் காஜாவுக்கு நேரா உக்கார மாட்டேங்குது. "என்னக்கா, கண்ணு தெரியலையா?"ன்னான் உங்கப்பன். தெரியலைன்னேன். கண்ணாடி மாத்தணும்னான். ஆமான்னேன்.

கேவலம் நாலு அட்டைக்கு எவனோ கோழின்னான்னு இப்படி ஆயிடுவியா? சிங்கம்னு சொல்லிட்டு வந்தேனேடா! நீயா? சரி, திட்டலை. திட்ட மாட்டேன்.

உங்கப்பன்கிட்ட நான் மூச்சு விடலை. யாருகிட்டயும் சொல்லாதேன்னு நீ சொன்னதுக்கு அப்புறம் சொல்லுவேனா? ஆனா ஆண்டவன்கிட்ட சொல்லாம எப்படி இருக்கறது? வியாழக்கிழமை எழுந்து நின்னு, "தூரத்துல படிக்கிற ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லை, வேண்டிக்கணும்"னு பொதுவாத்தான் சொன்னேன். மைக்கம்மா விடலை.

"பேரு?"

"ஒரு பிள்ளைம்மா."

"உலகத்துல தூரத்துல படிக்கிற பிள்ளை ஒண்ணுதானா? நாங்க வேண்டறது யாரு தலையில போய் இறங்கும்? தப்பான பிள்ளைக்குப் போயிட்டா நீ பொறுப்பா?"

அது நியாயமாத்தானே பட்டுது? கோடி பிள்ளைங்க நடுவுல உன்னைத் தவற விட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்? அதனால பேரைச் சொன்னேன். எழுந்திருக்க முடியலைங்கறதையும், விழிப்பு வராம இருந்தா நல்லதுன்னு நினைக்கறதையும் சொன்னேன். குறையை அரைகுறையாச் சொல்லக்கூடாது பாரு.

நீ பயப்படாதே. கூட்டம் முடிஞ்சதும் வாசல்ல செருப்பு மாட்டற இடத்துல நின்னுக்கிட்டு, வெளியில விடக்கூடாதுன்னு நாப்பது பேருகிட்டயும் ஒவ்வொருத்தியா கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன். ஒருத்தி பின்வாசல் வழியா போகப் பார்த்தா, ஓடிப்போய்ப் பிடிச்சேன். இனிமே உனக்கு ஒரு குறையும் வராது. ஒரு வாய் சாப்பிடு. ஒரே ஒரு வாய்.

அத்தை


அக்டோபர் 8

அத்தைக்கு,

உங்கள் நாற்பது பேரில் ஒருத்தி மறுநாளே கடைக்குப் போய், யூனிபார்ம் வாங்கிக்கொண்டே அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாளாம். பின்வாசல் வழியாகப் போனவளா, முன்வாசல் வழியாகப் போனவளா என்று தெரியவில்லை.

அப்பா விடுதிக்குப் போன் செய்தார். வார்டன் என்னைக் கீழே வரவழைத்து, எல்லாரும் சாப்பிட வரிசையில் நிற்கும் இடத்தில் போனைக் கையில் கொடுத்தார். அப்பாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "நான் கழுத்தொடியத் தைக்கறேன், நீ அங்க படுத்துக் கிடக்கறியா? ஊர்ல என் பேரு என்ன ஆகும்னு யோசிச்சியா?" வார்டன் போனை வாங்கி, "இந்த மாதிரி கேஸை எல்லாம் வீட்டோட வச்சுக்குங்க சார், இது விடுதி" என்றார்.

இப்போது தாழ்வாரத்தில் நிஜமாகவே என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். இத்தனை நாள் அது என் கற்பனை என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

உங்கள் கடவுளுக்குக் காது கேட்கும் என்று உங்களில் ஒருத்தியாவது நம்பியிருந்தால், அந்தக் கூடத்தில் மைக்குக்கு என்ன வேலை?

இனி எனக்கு எழுதாதீர்கள்.


அக்டோபர் 17
ஆண்டவன் துணை

வக்கீலுக்கு அத்தை. எழுதாதேன்னே. சரி, நீ பதில் போடாதே, படிக்க மட்டும் படி.

உங்கப்பன்கிட்ட அன்னிக்கே சண்டை போட்டேன். "ஊர்ல உன் பேரா? டிராயர் தைக்கறவன்னு ஒரு பேரு இருக்கு, அது எங்கயும் போகாது"ன்னேன். அன்னிலேர்ந்து அவன் என்கூட பேசறதில்லை. ஒரே தையலைப் பிரிக்கறான், தைக்கறான், மறுபடி பிரிக்கறான். கஷ்டப்படட்டும்னு நானும் சமாதானம் பண்ணலை.

போன வியாழக்கிழமை என்னையே நடுக்கூடத்துல நிறுத்திட்டாளுங்க. மைக்கம்மா கேக்கறா, "உங்க வீட்டுல யாரு பண்ணின பாவம், யோசிச்சுச் சொல்லு." நான் யோசிக்கறதுக்குள்ள, முன்வரிசையிலேர்ந்து ஒருத்தி, "இந்த வாய்கிட்ட வளர்ந்த பிள்ளைக்குச் சோர்வு வராம என்ன வரும்?"னா. கூடமே குலுங்கிப்போச்சு. சத்தியம் பண்ணின கையாலேயே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாளுங்க. ஒருத்திக்குப் பல்லு நேரா இல்லை, ஒருத்தி ரவிக்கைக்கு நான் வச்ச பட்டன், அதுகூட சேர்ந்து குலுங்குது. இவளுங்க கூப்பிட்டா ஆண்டவன் வருவானா, இருக்கற இடத்தைவிட்டு ஓடுவானா? பாதி வேண்டுதல்லயே செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். இனி போறதா இல்லை. ஆண்டவனுக்கு நம்ம வீட்டு அடுக்களைக்கு வழி தெரியும்.

ஒரு வரி போடுடா. திட்டியாவது போடு.

அத்தை


நவம்பர் 3
ஆண்டவன் துணை

வக்கீலுக்கு அத்தை. இருக்கியா?

தினம் தபால்காரரைத் தெருமுனையிலயே மடக்கறேன். "இல்லைம்மா, இருந்தா நானே குடுக்க மாட்டேனா?"ன்னு அந்த மனுஷன் இப்ப என்னைப் பார்த்தா சைக்கிளைத் திருப்பிக்கறாரு.

மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பையனோட அம்மா கதவைப் பாதிதான் திறந்தா.

"என்ன? சிரிக்கறதுக்கு ஆள் குறையுதா?"

"எந்த டாக்டரைப் பார்த்தீங்கன்னு கேக்க வந்தேன்."

"எதுக்கு? அடுத்த வியாழக்கிழமை மைக்குல சொல்லறதுக்கா?"

எனக்குப் பதில் வரலைடா. எனக்கு! நின்னுக்கிட்டே இருந்தேன். அவ கதவைச் சாத்தறதுக்குள்ள அந்தப் பையன் உள்ளேர்ந்து வந்தான். ரொம்ப இளைச்சிருக்கான். தலை சீவியிருந்தான்.

"அவன் எழுந்திருக்கறானா அத்தை?"

"தெரியலைப்பா. பதிலே போட மாட்டேங்கறான்."

"விலாசம் சொல்லுங்க"ன்னு உள்ளங்கையில எழுதிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் அவங்கம்மாதான் வாசல்ல நின்னுக்கிட்டே ரெண்டு வார்த்தை பேசினா. மாதாமாதம் டாக்டரைப் பார்க்கறாங்களாம். மாத்திரையை பஸ் ஏறிப் போயி வேற ஊர்ல வாங்கறாங்களாம். வீட்டுல ஒரு மருந்துக்கடையை வச்சுக்கிட்டு! இங்க வாங்கினா கடைப்பையன் வழியா தெருவுக்கே தெரிஞ்சுடுமாம். தெருவுல யாருக்குப் பயந்துன்னு நான் கேக்கலை.

உடம்பைப் பார்த்துக்கோ.

அத்தை


நவம்பர் 24

அத்தைக்கு,

வணக்கம். இருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் மகன் ஒரு கார்டு போட்டிருந்தான். நலம் விசாரிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "பல்லு தேய்க்க முடியலைன்னா விடுடா, வாயாவது கொப்பளி. நான் ஒரு மாசம் அப்படித்தான் ஓட்டினேன்" என்று மட்டும் இருந்தது. கொப்பளித்தேன். மறுநாளும் கொப்பளித்தேன். அடுத்து வந்த கார்டில் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு எந்த நாளில் போக வேண்டும், எந்தக் கதவு என்று எழுதியிருந்தான். அறையில் கூட இருப்பவன் கூட்டிக்கொண்டு போனான். அவன் கதவைச் சாத்துவதில் ஒன்றும் இல்லையாம். கீல் சரியில்லையாம்.

நான் போட்ட கணக்கை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார். அது வேலை செய்ய நாளாகுமாம், அதுவரை என்னைத் தனியாக விடக்கூடாதாம். வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட இருக்க வேண்டும் என்கிறார். விடுதிக்கு வெளியே ஓர் அறை பார்த்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கீழே ஒரு சைக்கிள் கடை. விலாசம் பின்னால் இருக்கிறது.

அப்பா வந்தால் நான் எங்காவது போய்விடுவேன். வேறு யாரும் இல்லாததால் உங்களைக் கூப்பிடுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மன்னிக்கவில்லை. டாக்டர் அறையில் நீங்கள் பேசக் கூடாது. எனக்காகச் சத்தம் போட்டு வேண்டக் கூடாது. மாமா போனபோது நீங்கள் படுக்கவில்லை என்ற கதை வேண்டாம். அழக் கூடாது. என்னைச் சிங்கம் என்று சொல்லக் கூடாது.

இதெல்லாம் முடியாது என்றால் வர வேண்டாம். முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

வக்கீல்


நவம்பர் 28

வக்கீலுக்கு,

வரேன். திங்கக்கிழமை காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வராதே, படுத்திரு. வழி கேக்கறதுக்கு மட்டும் வாயைத் திறந்துக்கறேன்.

அத்தை